பிசின் தூபக் கட்டி வீட்டில் செய்யும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

தூபக் கட்டி கெட்டுப்போவது ஓரிடத்தில், அது தெரியவருவது வேறிடத்தில். பற்றவைத்த கட்டி பாதியில் அணைகிறது என்றால் பிசின் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். காரணமோ பெரும்பாலும் சல்லடையிலோ, தண்ணீர் ஊற்றிய கையிலோ, அவசரப்பட்டு வெயிலில் வைத்ததிலோ இருக்கும். அதனால் கோளாறுகளை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்லிப் போகிறேன். உங்கள் குறை எங்கே கண்ணில் படுகிறதோ அங்கே தொடங்குங்கள். அங்கே தீராவிட்டால் அதற்கு முந்தைய பகுதிக்குப் போய்ப் பாருங்கள்.

நான் பேசுவது தானாகவே கனன்று எரியும் அச்சுக் கட்டியைப் பற்றி. சாம்பிராணி, குந்திரிக்கம் போன்ற பிசினின் தூள், மரத்தூள் அல்லது கரித்தூள், ஒட்டவைக்க ஜிகட் என்னும் மரப்பட்டைத் தூள், தண்ணீர் இவ்வளவுதான் சரக்கு. தொடங்குகிறவர்கள் எடைக்கணக்கில் மொத்தம் 100 பங்கில் பிசின் 20 பங்கு, ஜிகட் 20 முதல் 25 பங்கு, மீதி மரத்தூள் அல்லது கரித்தூள் என்று வைத்துக்கொள்ளலாம். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரு கரண்டி பிசினும் ஒரு கரண்டி கரித்தூளும் எடையில் கிட்டவே வராது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு வரும் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும். பிசினால் கங்கு, அதாவது கனலும் தணல், நிலைக்காது. கங்கைக் காப்பது மரத்தூளும் கரியும் ஜிகட்டும்தான். அந்தச் சூட்டில் பிசின் இளகி, கொஞ்சம் ஆவியாகி மணக்கிறது. அளவு மிஞ்சினால் உருகி ஓடிக் கங்கின் மேலேயே படிந்து காற்றை அடைத்துவிடுகிறது.

இடிக்கும்போதே உரலில் அப்பிக்கொள்கிறது

பிசினுக்கு இடிக்கும் சூடே போதும், இளகத் தொடங்கிவிடும். மிக்ஸியில் போட்டால் இன்னும் மோசம். பிளேடு சூடேறி, ஜாடியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பது ஒரு தனி வேலை.

பிசினைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஓர் இரவு ஃப்ரீஸரில் வையுங்கள். குளிர்ந்த பிசின் நொறுங்கும், இளகாது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த டப்பாவை ஈரக்காற்றில் திறந்தால் பிசின் மேல் உடனே பனி வேர்க்கும். அந்த ஈரம் தூளோடு சேர்ந்து சல்லடைக் கண்ணை அடைக்கும். ஆகவே ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி மறுபடி உள்ளே வைத்துவிடுங்கள். எடுத்ததோடு செய்முறைக்கு அளந்து வைத்த மரத்தூளில் கொஞ்சம் சேர்த்து இடியுங்கள். துகளுக்குத் துகள் நடுவே மரத்தூள் புகுந்துகொள்வதால் ஒன்றோடொன்று ஒட்டாது. மிக்ஸிதான் கதி என்றால் இரண்டு விநாடி ஓடவிட்டு நிறுத்துங்கள், மறுபடி இரண்டு விநாடி. ஜாடி கைக்குச் சூடாகத் தெரிந்தால் ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்பிய உரலைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பயனில்லை. சாம்பிராணி தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். அந்த நேரம் பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

இடித்த தூளை வஸ்திரகாயம் செய்யும் அளவுக்கு, அதாவது துணியில் சலித்ததுபோல, நைசாகச் சலித்துக்கொள்ளுங்கள். இதில்தான் பலரும் சோம்பல்படுகிறார்கள். கரித்தணலில் நேரே தூவும் பிசினுக்குப் பருமன் ஒரு பொருட்டே இல்லை, கட்டியாகவே போடலாம். அச்சுக் கட்டிக்குள் போகும் பிசினில் பெரிய மணி ஒன்று கிடந்தால் கங்கு அதைத் தொடும் இடத்தில் அது கொப்புளித்து உருகி ஒரு குழியை விட்டுப்போகும். கங்கு அங்கேயே செத்துவிடும். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கரித்தூளும் மரத்தூளும் காற்றில் பறக்கும் இடத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள்.

பிசைந்தால் சேரவில்லை, அல்லது கையோடு வருகிறது

ஜிகட் என்பது லிட்சியா குளுட்டினோசா என்ற மரத்தின் பட்டைத் தூள். தண்ணீர் பட்டதும் வழவழப்பாகி ஒட்டும். கூடவே தானும் நன்றாக எரியும். ஒட்டும் பொருளே எரிபொருளாகவும் இருப்பதுதான் அதன் அருமை. அது கிடைக்கவில்லை என்று வேலம்பிசின் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. கட்டி கல்போலச் சேரும், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலம்பிசின் கங்கை வளர்க்காது. வழவழப்பான கட்டியைப் பற்றவைக்கப் போனால்தான் வினை தெரியும்.

ஜிகட்டை உலர்ந்த தூள்களோடு முதலிலேயே நன்றாகக் கலந்துவிட்டுப் பிறகே தண்ணீர். தண்ணீரில் ஜிகட்டைப் போட்டால் திரள் திரளாகக் கட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் உடையாது. வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். மாவு இன்னும் உதிர்கிறதே என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பட்டை மெதுவாகத்தான் தண்ணீரை உறிஞ்சி ஊறும். பலர் அந்த அரை மணி பொறுக்காமல் இன்னும் ஊற்றிவிடுகிறார்கள். அது ஊறி முடித்தபின் மாவு களியாகி நிற்கிறது.

பதம் பார்க்க ஓர் உருண்டையைக் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். ரேகை அப்படியே பதிய வேண்டும், உள்ளங்கை நனையக்கூடாது, ஓரத்தில் வெடிப்பு ஓடக்கூடாது. கை நனைந்தால் தண்ணீர் அதிகம். மாவைப் பரப்பி நிழலில் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி பிசையுங்கள். உலர்ந்த கரித்தூளைத் தூவிச் சரிக்கட்டினால் அங்கேயே எடைக்கணக்கு குலைந்துவிடும்.

கையில் உள்ள பிசின் எது என்பதும் இங்கே கணக்கில் வரும். ஒரு சிட்டிகையைத் தண்ணீர்விட்டு உரசிப் பாருங்கள். பால்போல வெளுத்தால் அது குந்திரிக்கம். பாஸ்வெல்லியா மரத்திலிருந்து வரும் இந்தப் பிசினில் தண்ணீரோடு சேரும் கோந்துப் பகுதியும் உண்டு, ஆகவே மாவை ஒட்டவைப்பதில் தானும் பங்கு எடுத்துக்கொள்ளும். வெள்ளைப்போளமும் இதே ரகம். சாம்பிராணியும் குங்கிலியமும் அப்படியில்லை. தண்ணீரோடு அவற்றுக்கு எந்த உறவும் கிடையாது, அடியில் மணல்போலக் கிடக்கும். குந்திரிக்கத்துக்குப் பழகிய தண்ணீர் அளவைச் சாம்பிராணிக்கும் அப்படியே ஊற்றினால் மாவு சேறாகிவிடும்.

அச்சில் ஒட்டிக்கொள்கிறது, ஓரம் உதிர்கிறது, படலம் படலமாகப் பெயர்கிறது

ஒட்டிக்கொண்டால் அச்சுக்குள் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்ட மேல்பரப்பு கருகிப் புகையும், கங்கும் பரவாது. உலர்ந்த மரத்தூளைத் துணியில் முடிந்து அச்சுக்குள் ஒரு தட்டு தட்டினால் போதும்.

படலமாகப் பெயர்வதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கட்டியின் மேல்தொப்பி மட்டும் வட்டமாகக் கழன்று வந்தால் மாவின் மேல் பழி போடாதீர்கள், குற்றவாளி உள்ளே அகப்பட்ட காற்று. சட்டென்று அழுத்தினால் தூளின் நடுவே இருக்கும் காற்று வெளியேற வழியின்றி நசுங்கிக் கிடக்கும். அழுத்தம் விலகியதும் விரிந்து கட்டியைக் குறுக்கே பிளக்கும். மாத்திரை அச்சடிக்கும் இடங்களிலும் இதே தலைவலி உண்டு. அங்கே செய்வதுபோலவே முதலில் லேசாக ஓர் அழுத்து, கொஞ்சம் விட்டு, பிறகு மெதுவாக முழு அழுத்து. அப்படியே பத்து விநாடி பிடித்துவிட்டு மெல்லத் தளர்த்துங்கள். மாவை இரண்டு தவணையாக நிரப்பினாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விழும், அது பின்னால் பிளவாக மாறும். வேண்டிய அளவை எடுத்து உருட்டி ஒரே தடவையில் உள்ளே வையுங்கள்.

இறுக்கம் எவ்வளவு என்பதற்கு அளவுகோல் கிடையாது. கார் ஜாக்கி வைத்து அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டி பளபளவென்று வரும், பார்க்க அழகு. ஆனால் அதற்குள் காற்று போக வழியே இருக்காது. கைவிரல் பலமும் நெம்புகோல் அச்சும் போதும் என்பது என் கட்சி.

காயும்போது வெடிக்கிறது, வளைகிறது

வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஈரமாகப் பருத்துக் கிடக்கிறது. சட்டை இறுகினால் தையல் விடுவதுபோலத் தோல் பிளக்கிறது. வெயில், மின்விசிறி, அடுப்பின் மேல்தட்டு மூன்றும் இதைத்தான் செய்யும். பிசினைக் கட்டிக்குள்ளேயே இளக்கி விடுவது வெயிலின் கூடுதல் உபகாரம்.

முதல் நாள் ஈரம் சட்டென்று போகாதபடி மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். மறுநாள் துணியை எடுத்துவிடலாம். சல்லடைத் தட்டு அல்லது கம்பிவலை மேல் வைத்தால் அடியிலும் காற்று படும். தட்டையான பலகையில் வைப்பதானால் காலை மாலை திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சுருங்கி வளையும். நிழலில் காய்த்தும் வெடிப்பு வருகிறதென்றால் மாவில் தண்ணீர் அதிகம், அல்லது ஜிகட் அதிகம். அதிகம் ஊறியது அதிகம் சுருங்கும்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. மேல்தோல் இரண்டாம் நாளே காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஒரு கட்டியில் மட்டும் அடையாளம் கீறி வைத்துக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு போதும். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. மெல்லிய கூம்பு சில நாளில் அந்த நிலைக்கு வரும். தடித்த கட்டிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே தடிமனைக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

வெள்ளை பூத்திருக்கிறது

பஞ்சுபோல எழுந்து நின்றால், முகர்ந்தால் ஈரத்துணி வாடை அடித்தால் அது பூஞ்சை. துடைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். புகையோடு அது மூச்சுக்குள் போகும், மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள். அடுத்த முறை தடிமனைக் குறையுங்கள். ஈரம் முழுக்கப் போகும் முன் டப்பாவில் அடைக்காதீர்கள். கட்டிகள் ஒன்றோடொன்று உரசி உதிர்ந்த பிசின் தூளும் வெளிறித் தெரியும். அது விரலால் துடைத்தால் போய்விடும், வாடையும் இருக்காது.

பற்றவைத்தால் அணைகிறது

எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. இதற்கான பதில் அணைந்த கட்டியிலேயே எழுதியிருக்கும், ஆகவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆறியதும் வெளிச்சத்தில் வைத்து, கங்கு நின்ற இடத்தைக் கூர்ந்து பாருங்கள்.

சாம்பலுக்கும் எரியாத பகுதிக்கும் நடுவே பளபளப்பான கறுப்பு வளையம் ஒன்று தெரிகிறதா? நகத்தால் தொட்டால் கண்ணாடிபோல வழுக்குகிறதா? அது உருகி உறைந்த பிசின். பிசின் அளவு மிஞ்சிவிட்டது, அல்லது சரியாகக் கலக்காமல் ஓரிடத்தில் குவிந்துவிட்டது. வளையம் சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் அளவுதான் பிரச்சினை. அடுத்த முறை பிசினை ஐந்து பங்கு குறைத்து, அதே ஐந்து பங்கு மரத்தூளைக் கூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் சலிப்பதிலும் கலப்பதிலும்தான் குறை, அளவைத் தொட வேண்டாம்.

வளையம் எதுவும் இல்லை, கங்கு நின்ற இடம் மங்கலாகக் கறுத்து மட்டும் இருக்கிறது என்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். அந்த இடத்தில் கட்டியை உடைத்துப் பாருங்கள். நடுப்பகுதி ஓரத்தைவிட நிறம் கறுத்து, கைக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் காயவில்லை. மிச்சக் கட்டிகளைத் திரும்பக் காயவிட்டாலே இது சரியாகும்.

உள்ளும் புறமும் ஒரே நிறம், நன்றாகக் காய்ந்திருக்கிறது, வளையமும் இல்லை, ஆனாலும் அணைகிறது. அப்படியானால் மூச்சு முட்டுகிறது. அழுத்தம் அதிகம், அல்லது கட்டி தடிமன். ஒரு கட்டியைக் கம்பிவலை மேலும் இன்னொன்றைத் தட்டையான ஓட்டின் மேலும் வைத்துப் பற்றவையுங்கள். வலை மேல் எரிந்து ஓட்டின் மேல் அணைந்தால் அடியில் காற்று போதவில்லை என்று பொருள். நடுவே ஒரு துளை போட்டு அச்சடிப்பதும், அடியில் மணல் பரப்பி அதன் மேல் வலையை வைப்பதும் கைகொடுக்கும்.

சில நேரம் குறை கட்டியில் இருக்காது, பற்றவைப்பதில் இருக்கும். நுனியில் தீ தொட்டதும் ஊதி அணைத்துவிடுகிறோம். அரை நிமிடமாவது தீயில் காட்டி, நுனி முழுவதும் செந்தணல் பிடித்த பிறகே ஊத வேண்டும்.

இத்தனை தேடலையும் குறைக்க ஒரு வழி இருக்கிறது. மாவு பிசைந்து முடித்ததும் ஒரு சிறு உருண்டையைத் தீக்குச்சித் தடிமனில் திரியாக உருட்டி, அதை மட்டும் முதலில் காயவையுங்கள். மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். மீதி மாவை அதுவரை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். திரி நுனி முதல் அடிவரை எரிந்தால் கலவை சரி. அதற்குப் பின் கட்டி அணைந்தால் பழி இறுக்கத்துக்கோ தடிமனுக்கோ ஈரத்துக்கோதான், அளவுக்கு இல்லை. திரியே அணைந்தால் மாவு இன்னும் கையில்தான் இருக்கிறது, மரத்தூளும் ஜிகட்டும் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

வெடியுப்பு சேர்த்தால் அணையாது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். கடையில் வாங்கும் தணல் வில்லைகள் நெருப்புப் பட்டதும் பொரிந்துகொண்டு பற்றுவதற்கும் அதுவே காரணம். அது தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்து எரியவைக்கும் பொருள். காய்ந்த கரித்தூளோடு அதை வீட்டில் இடிப்பது விளையாட்டல்ல. கலவை சரியாக இருந்தால் அதற்குத் தேவையும் இல்லை.

ஜுவாலை விடுகிறது, நிமிஷத்தில் தீர்ந்துபோகிறது

கரித்தூள் அதிகம், அல்லது அச்சு தளர்வு. சாம்பல் உருவம் நிற்காமல் பொலபொலவென்று கொட்டினால் தளர்வுதான். கரியில் ஒரு பகுதியைச் சந்தனத்தூளாகவோ வேறு மரத்தூளாகவோ மாற்றினால் கங்கு நிதானப்படும்.

மணம் வரவேண்டிய இடத்தில் கமறல் வருகிறது

முதலில் பிசினை மட்டும் சோதியுங்கள். ஒரு துணுக்கைத் தகரத்தில் வைத்து அடியில் மெழுகுவத்தியைக் காட்டுங்கள். தீ பிசினைத் தொடக்கூடாது. நல்ல சாம்பிராணி இளகி இனிப்பு வாடை விடும். லாவோஸ் பக்கத்திலிருந்து வரும் சியாம் சாம்பிராணியில் வெனிலா வாடை தூக்கலாக இருக்கும், சுமத்ரா சாம்பிராணி சற்று கனமாக மணக்கும். கரும்புகை கக்கி, பைன் மர நெடியோடு கண்ணைக் கரித்தால் அதில் ரோஸின் கலந்திருக்கிறது. பைன் மரப்பாலிலிருந்து டர்பன்டைனை வடித்தபின் மிஞ்சுவது இது. விலை மலிவு, பார்வைக்கும் பிசின்போலவே இருக்கும். ரோஸின் புகை சிலருக்கு ஆஸ்துமாவையே கொண்டுவரும், சால்டரிங் வேலை செய்பவர்களிடம் நன்கு அறியப்பட்ட கோளாறு அது. அந்தப் பிசினை எரிக்காதீர்கள்.

பிசின் நல்லது, ஆனாலும் கமறுகிறது என்றால் அதிகச் சூடு காரணம். குந்திரிக்கத்தில் முதலில் எலுமிச்சை சாயலில் மணம் எழும். அது ஆவியாகித் தீர்ந்தபின் மிஞ்சும் கோந்து கருகும்போதுதான் தீய்ந்த வாடை. கரியைக் குறைத்து மரத்தூளைக் கூட்டினால் கங்கின் சூடு தணியும். மரத்தூளும் எதுவானாலும் சரி என்றில்லை. தச்சுப் பட்டறையில் அள்ளிய தூளில் பிளைவுட் பசையும் பெயின்டும் கலந்திருக்கலாம். அந்தப் புகை யாருக்கும் வேண்டாம்.

எரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். கனலும் கரி வெளிவிடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது, அடைத்த அறையில் ஆளை மயக்கிவிடும். கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர், கூண்டுப் பறவை இருக்கும் அறையில் எரிக்கவே வேண்டாம்.

எரிகிறது, ஆனால் வாசமே இல்லை

வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ காய்த்திருந்தால் மணம் அப்போதே பறந்திருக்கும், அதற்கு மருந்து இல்லை. நிழலில்தான் காய்த்தோம் என்றால் கட்டிகளைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து இரண்டு மூன்று வாரம் இருட்டில் வைத்துப் பாருங்கள். மரத்தூளும் பிசினும் ஒன்றுகூடி வாசம் திரள அவகாசம் வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், அது மணத்தைத் தான் இழுத்துக்கொள்ளும்.

அதற்கும் அசையாவிட்டால் அந்தக் கட்டிகளை உடைத்து, மின்சாரத் தூபத்தட்டில் மிதமான சூட்டில் ஒரு துண்டை வைத்துப் பாருங்கள். அங்கே மணக்கிறது, கங்கில் மணக்கவில்லை என்றால் பிசினில் குறையில்லை, கங்கின் சூடு அதைக் கருக்குகிறது. மறுபடி மேலே போய் கரியின் அளவைக் குறையுங்கள்.